ஏடிஎச்டி உள்ள என் மகனுக்கு நண்பர்களே இல்லை. வகுப்பில் சேட்டை அடங்கினால் சரியாகிவிடுமா?

கேட்டவர் ஓர் அம்மா. மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஏடிஎச்டி (ADHD, கவனச் சிதறலும் அடங்காத துறுதுறுப்பும் உள்ள வளர்ச்சிக் குறைபாடு) என்று ஆறு மாதத்துக்கு முன் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இடத்தில் உட்காருவதில்லை, கேள்வி முடியுமுன்பே விடையைக் கத்துகிறான், பக்கத்துப் பையனின் ரப்பரை எடுத்துவிடுகிறான் என்று டைரி நிறையப் புகார். சென்ற வாரம் வகுப்புத் தோழன் ஒருவனின் பிறந்தநாளுக்குப் பெஞ்சில் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், இவனை மட்டும் கூப்பிடவில்லை. "அவன் சேட்டையை அடக்குங்கள், நண்பர்கள் தானாக வருவார்கள்" என்கிறது பள்ளி. அது உண்மையா என்பது கேள்வி. கூடவே மூன்று கிளைக்கேள்விகள்: "எல்லோரும் என் நண்பர்கள்தான்" என்று அவன் சொல்வது பொய்யா, இவனுக்கு இப்படி ஒன்று இருப்பதை வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, பள்ளியை மாற்றலாமா. வகுப்பு நடத்தையைப் பற்றிக் கேட்பது போலத் தோன்றினாலும், என் பிள்ளை கடைசிவரை தனியாக இருந்துவிடுவானோ என்பதுதான் உள்ளே இருக்கும் பயம் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் 11 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன், கடந்த 14 ஆண்டுகளாகச் சிறப்புக் கல்வியாளர். மருத்துவர் அல்ல. உங்கள் பிள்ளையைப் பார்த்ததும் இல்லை. ஆகவே மருந்து வேண்டுமா, எவ்வளவு என்பதற்குள் நுழையமாட்டேன். வகுப்பறையும் மதிய இடைவேளையும் எனக்குப் பழகிய இடங்கள். ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதையும், என் கண்ணில் மட்டும் பட்டதையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

நேரடி விடை: தானாக வரமாட்டார்கள். இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 1990களில் வட அமெரிக்காவில் 7 முதல் 9 வயது வரையிலான 579 ஏடிஎச்டி குழந்தைகளை நான்கு பிரிவாகப் பிரித்து 14 மாதம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, ஒன்றுக்கு நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை. கவனச் சிதறலும் துறுதுறுப்பும் நன்றாகவே குறைந்தன, குறிப்பாக முறையாக மருந்து எடுத்தவர்களிடம். ஆனால் அதே பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் வகுப்புத் தோழர்களிடம் போய் "உனக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது" என்று கேட்டபோது, எந்தச் சிகிச்சையும் இவர்களை மற்றப் பிள்ளைகளின் நிலைக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. 52 விழுக்காட்டினர் வகுப்பால் ஒதுக்கப்பட்டவர்கள். 56 விழுக்காட்டினருக்கு, நீயும் என்னைச் சொல் நானும் உன்னைச் சொல்கிறேன் என்ற வகையில் பரஸ்பர நண்பன் ஒருவன்கூட இல்லை. இதே கணக்கில் பலரும் கவனிக்காமல் விடும் எண் ஒன்று உண்டு: எந்தக் குறைபாடும் இல்லாத ஒப்பீட்டுப் பிள்ளைகளிலும் 32 விழுக்காட்டினருக்கு அப்படி ஒரு நண்பன் இல்லை. உங்கள் மகன் இருக்கும் இடத்தில் அவன் மட்டும் இல்லை.

சேட்டை குறைந்தும் நட்பு ஏன் வரவில்லை? ஒரு பிள்ளையைப் பற்றிய பெயர் வேகமாக எழுதப்பட்டு மெதுவாகத்தான் அழிகிறது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத சிறுவர்களைக் கோடை முகாம் ஒன்றில் சேர்த்தார்கள். முதல் நாள் முடியும்போதே ஏடிஎச்டி சிறுவர்களை மற்றவர்கள் பிடிக்காதவர்கள் பட்டியலில் வைத்துவிட்டார்கள். வெறுப்பை வரவழைத்தவை அடிதடியும் சொன்னதைக் கேட்காததும்தான். ஆசிரியருக்கு எரிச்சல் தருவது காலாட்டுவதும் பென்சிலால் தாளம் போடுவதும். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர்களைக் கோபப்படுத்துவது ஆட்டம் கெடுவது. டைரியில் வரும் புகார்களைத் தீர்ப்பது ஒரு வேலை, நண்பனைச் சம்பாதிப்பது வேறொரு வேலை. இரண்டும் சில இடங்களில் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

கல்லா மண்ணா விளையாட்டைக் கொஞ்சம் பாருங்கள். கல்லா மண்ணா என்று முடிவாகும்வரை காத்திருக்க வேண்டும். அவுட் ஆனால் ஏற்றுக்கொள்ள வேண்டும். தன் முறை வந்ததும் மற்றவர்களைத் துரத்த வேண்டும். இந்தப் பிள்ளை முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் மண்ணில் குதித்துவிடுகிறான். பிடித்தவுடன் "தொடவே இல்லை" என்று சண்டைக்கு நிற்கிறான். மூன்றாவது சுற்றில் இவன்தான் பிடிக்க வேண்டும், ஆனால் இவன் மதில் மேல் ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆறு பேர் கல்லின் மேல் நின்று காத்திருக்கிறார்கள். மறுநாள் என்ன நடக்கும்? "நீ ஒப்புக்குச் சப்பாணி" என்பார்கள், இல்லையென்றால் சேர்க்கவே மாட்டார்கள். பிறகு காய் விடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்குள் காலையில் விட்ட காய் மதியச் சாப்பாட்டுக்குள் பழமாகிவிடும். இவன் விஷயத்தில் காய் அப்படியே கிடக்கும். கோபம் இன்னும் ஆறாதவன் முன்னால் போய்ப் பழம் விட விரலை நீட்டிக்கொண்டு நிற்பான். எதிரில் இருப்பவனின் முகம் இன்னும் சுளித்திருப்பது இவனுக்குக் கண்ணில் படவே படாது.

இந்த விதிகள் தெரியாதவன் அல்ல அவன். தனியாக உட்காரவைத்து "உன் முறை வரும்வரை என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள், அழகாகச் சொல்வான். தெரிந்ததை, அது தேவைப்படும் அந்த ஒரு நொடியில் செய்ய முடியாததே ஏடிஎச்டியின் இயல்பு. அதனால்தான் ஓர் அறைக்குள் வாரம் ஒருமுறை "பகிர்ந்துகொள், காத்திரு" என்று கற்றுத்தரும் சமூகத்திறன் வகுப்புகள் பெரிய பலன் தருவதில்லை. 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மீளாய்வும் சொல்லிக்கொள்ளும்படியான பயனைக் காணவில்லை. மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் வகுப்புகளில் சேர்க்குமுன் இதை நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட வகுப்புகளை நானே சில ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அறைக்குள் தங்கமாக இருப்பார்கள். வேனில் ஏறியதும் பழைய கதை. சொல்லப்போனால் பள்ளி வேன்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினமான வகுப்பறை. ஓட்டுநரின் முதுகைத் தவிரப் பெரியவர் யாரும் இல்லாத முக்கால் மணி நேரம். உங்கள் கேள்வியில் வேன் வரவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. துறுதுறுப்பு இல்லாமல் கவனச் சிதறல் மட்டும் உள்ள பிள்ளைகளை யாரும் வெறுப்பதில்லை, மறந்துவிடுகிறார்கள். நான்கு பேர் பேசும் பேச்சில் நடுவில் நூல் விட்டுப்போய்விடும், சிரிக்கும் இடத்தில் தாமதமாகச் சிரிப்பாள், பிறகு பேச்சுக்கே வராமல் போய்விடுவாள். டைரியில் புகார் வராது என்பதால் வீட்டிலும் தெரியாது.

இப்போது வகுப்பறை. இதில் நான் என் தவறிலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியையாக இருந்த நாலாவது ஆண்டில் என் வகுப்பில் இதேபோல ஒரு பையன். கவனம் சிதறக் கூடாது என்று, அவன் நன்மைக்குத்தான் என்று, கதவோரம் தனி ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஏறக்குறைய ஒரு பருவம் முழுக்க. ஒரு மதிய இடைவேளையில் வராந்தாவில் என் வகுப்புப் பெண்கள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சராக நின்றவள் ஸ்கேலால் தூணைத் தட்டி அவன் பெயரை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை கடைசி எழுத்தை இழுத்து, குரலைக் கீழே இறக்கி. அது என் குரல். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாள் பாடக்குறிப்பு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். மதியத்துக்குள் அவன் பெயரை 17 முறை சொல்லியிருந்தேன். அதில் 15 கண்டிப்பு. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையனை அன்று இரண்டே முறைதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தேன்.

ஒரு பிள்ளையை வெறுக்கலாம் என்று வகுப்புக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை, டீச்சரின் குரலிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் அல்ல. ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் வெளிப்படையாகக் காட்டும் பிரியமும் எரிச்சலும் மற்றப் பிள்ளைகள் அவனைப் பார்க்கும் விதத்தை மாற்றுகின்றன என்பதற்கு ஆய்வு ஆதரவு இருக்கிறது. கரும்பலகையில் லீடர் எழுதும் "பேசியவர்கள்" பட்டியலில் தினமும் முதலில் வரும் பெயர் யாருடையது என்று பாருங்கள். சில நாள் அவன் வாயே திறந்திருக்கமாட்டான், பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். பென்சில் டப்பா அடுத்தவன் கையிலிருந்து விழுந்தால் "விழுந்துவிட்டது", இவன் கையிலிருந்து விழுந்தால் "தூக்கிப் போட்டான் மிஸ்".

ஆகவே ஆசிரியரிடம் போகும்போது "என் பிள்ளைக்குத் தனிக் கவனம் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். 45 பிள்ளைகளை வைத்திருப்பவர் அதற்குத் தலையாட்டுவார், செய்ய முடியாது. சின்னதாக, எண்ணக்கூடியதாகக் கேளுங்கள். தனி இருக்கை வேண்டாம், முன்வரிசையில் அமைதியான ஒரு பையன் பக்கத்தில் இடம் போதும். கண்டிக்க வேண்டியதைப் பெயர் சொல்லாமல் மேசையில் விரல் வைத்துக் காட்டலாம், அவனுக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்த குறியாக. வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவது, நோட்டுகளை அடுக்குவது போன்ற எழுந்து நடக்கும் வேலை ஒன்றை அவனுக்கென்று வைக்கலாம். அது உடம்புக்கும் நல்லது, வகுப்பின் முன் அவன் மானத்துக்கும் நல்லது. டைரியில் நாளின் குற்றப்பட்டியலுக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று குறிக்கோள்களை எழுதி, "கையைத் தூக்கிவிட்டுப் பதில் சொன்னான்" என்பது போல, ஆம் இல்லை என்று டிக் மட்டும் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் அன்று மாலையே அதற்கு ஒரு சின்னப் பரிசு, கூட ஒரு கதை, கூடப் பத்து நிமிடம் விளையாட்டு. இந்தத் தினசரி அட்டை முறை பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டது, வகுப்பு நடத்தையைப் பொறுத்தவரை பலன் தருவதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்டனையாக பி.டி. பீரியடையும் இடைவேளையையும் பிடுங்கக் கூடாது. ஓட வேண்டிய பிள்ளையை உட்காரவைப்பதும் தவறு, நட்பு பழகும் ஒரே நேரத்தைப் பறிப்பதும் தவறு. வெளியில் முட்டி போடவைப்பதெல்லாம் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்தது. சட்டத்தைக் காட்டிப் பேச வேண்டிய நிலை வந்தால் அந்த ஆசிரியரோடு உறவு முடிந்தது என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். கடைசியாக எடுக்க வேண்டிய ஆயுதம் அது.

அடுத்து வீடு. நட்பைப் பொறுத்தவரை எனக்கு அதிக நம்பிக்கை இங்கேதான். வகுப்பு முழுவதின் மனத்தை மாற்றுவது கடினம், ஒரு பையனின் மனத்தை மாற்றலாம். பெற்றோருக்கே பயிற்சி கொடுத்து, பிள்ளையின் விளையாட்டுச் சந்திப்புகளை நடத்தவைக்கும் முறையை 2010இல் வெளியான ஆய்வு ஒன்று சோதித்தது. எட்டு அமர்வுகள்தான். அந்தப் பிள்ளைகளின் நட்பின் தரம் உயர்ந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள், பிள்ளைகள் பழகும் விதத்தில் ஆசிரியர்களும் மாற்றம் கண்டார்கள். மந்திரம் அல்ல, ஆனால் இருப்பவற்றில் கையில் பிடிக்கக்கூடியது.

எப்படிச் செய்வது? ஒரே ஒரு பையனைக் கூப்பிடுங்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டால் அவர்கள் இருவரும் சேர்ந்துகொள்வார்கள், உங்கள் மகன் தன் வீட்டிலேயே மூன்றாம் ஆள். முதல் முறை முக்கால் மணி நேரம் போதும். என்ன விளையாட்டு என்பதை முன்பே தீர்மானித்து வையுங்கள். வெற்றி தோல்வி உள்ளவை வேண்டாம். கேரமும் கிரிக்கெட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியில் கோட்டை கட்டுவது, சைக்கிள், தோசைக்கல்லில் அவர்களே வடிவம் வடிவமாய்த் தோசை ஊற்றுவது இவையெல்லாம் நல்லவை. போனை எடுத்து உள்ளே வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவர் திரையைப் பார்ப்பது நட்பாகாது. அவனுக்கு மிகப் பிடித்த, யார் தொட்டாலும் அலறும் பொம்மையைப் பீரோவில் பூட்டுங்கள். வருமுன் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: "என்ன செய்யலாம் என்று முதலில் அவனைக் கேள்." ஐந்து விஷயம் சொன்னால் ஐந்தும் போகும். நடுவில் அந்தப் பையன் எதிரில் திட்டாதீர்கள், தண்ணீர் குடிக்க உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, இன்னும் கொஞ்ச நேரம் என்று இருவரும் கெஞ்சும்போதே, முடித்துவிடுங்கள்.

அந்தப் பையனின் அம்மாவோடும் பழகுங்கள். எட்டு வயதில் நட்பின் பாதி இரண்டு அம்மாக்களின் கையில் இருக்கிறது. என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் பள்ளி வாசலில் நிற்பதையே நிறுத்திவிட்டவர்கள். யாராவது புகார் சொல்வார்களோ என்று தள்ளி நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். புரிகிறது. ஆனால் பிறந்தநாள் அழைப்பு அந்த வாசலில்தான் பரிமாறப்படுகிறது.

"எல்லோரும் என் நண்பர்கள்தான்" என்று அவன் சொல்வது பொய்யா என்று கேட்டிருந்தீர்கள். பொய் அல்ல. தங்களை மற்றவர்கள் விரும்பும் அளவை மிகையாகக் கணிப்பது இந்தப் பிள்ளைகள் பலரிடம் காணப்படும் ஒன்று. அது வலியை மறைக்கும் திரையா, உண்மையிலேயே கவனிக்காமல் விடுவதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எதுவானாலும், "உன்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று சொல்லி அவனைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

உறுதியில்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் மே மாதம் பிறந்தவன், வகுப்பிலேயே சின்னவன் என்று எழுதியிருக்கிறீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் வெளியான பெரிய ஆய்வில், சேர்க்கை வயதின் கடைசி மாதத்தில் பிறந்த, அதாவது வகுப்பில் சின்னவர்களான ஆண் பிள்ளைகளுக்கு, முதல் மாதத்தில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக ஏடிஎச்டி என்று சொல்லப்பட்டிருந்தது. உங்கள் மருத்துவர் சொன்னது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அடுத்த முறை போகும்போது வகுப்பில் அவன் வயதைக் குறிப்பிடுங்கள். அறிகுறிகள் வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளியில் மட்டும்தான் என்றால் எழுதப் படிக்கத் தடுமாறுகிறானா என்று கற்றல் குறைபாட்டுக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வருவது சாதாரணம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை. அதனால் தேர்வுச் சலுகை என்று வரும்போது இந்தப் பரிசோதனை கைகொடுக்கும். நண்பர்களே வேண்டாம் என்று இருக்கும் பிள்ளையாக இருந்தால் ஆட்டிசத்தையும் யோசிப்பேன். உங்கள் மகன் வேண்டும் வேண்டும் என்று போய்க் கெடுத்துக்கொள்கிறவன் போலத் தெரிகிறது. ஆனால் ஒரு கடிதத்தை வைத்து இதைப் பிரிக்க முடியாது. ஏடிஎச்டி, ஆட்டிசம் இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம் என்பதை, இவற்றை வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடே 2013இல்தான் ஏற்றுக்கொண்டது.

வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? என் கருத்து வேண்டாம் என்பது. ஆசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நான்கு எழுத்து ஒரு பட்டப்பெயராகத்தான் போய்ச்சேரும். தேவைப்பட்டால், அவனையும் கேட்டுக்கொண்டு, பெயர் வைக்காமல் நடத்தையைச் சொல்லலாம்: "அவனுக்குக் காத்திருப்பது கஷ்டம், பழகிக்கொண்டிருக்கிறான்." வேறு விதமாகச் செய்து நன்றாக முடிந்த ஒன்றிரண்டு குடும்பங்களும் எனக்குத் தெரியும், ஆகவே இதை அடித்துச் சொல்லமாட்டேன். பள்ளி மாற்றம் புதுச் சிலேட்டைக் கொடுக்கும். ஆனால் முகாம் சிறுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சிலேட் முதல் நாளே நிரம்பிவிடும். ஆசிரியர் அவமானப்படுத்துகிறவர் என்றால் மாற்றுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு இங்கேயே இருக்கட்டும். மாற்றுவதானால் ஜூனில் பள்ளி திறக்குமுன் அந்த வகுப்பில் சேரப்போகும் ஒரு பிள்ளையையாவது கோடை விடுமுறையில் வீட்டுக்கு அழைத்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: "மாடி வீட்டுப் பையன் மட்டும் சைக்கிள் ஓட்ட வருவான், ஆனால் அவன் இரண்டாம் வகுப்புதான்." அந்த "ஆனால்" தேவையில்லை. மூளையின் வெளி அடுக்கான புறணி தன் உச்சத் தடிமனை எட்டுவது அது முதிர்வதற்கு ஓர் அடையாளம். அந்த வயதை 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் அளந்து பார்த்தார்கள். மற்றக் குழந்தைகளிடம் அது சராசரியாக 7½, ஏடிஎச்டி உள்ளவர்களிடம் 10½. சராசரிதான், உங்கள் மகன் மூன்று வயது பின்தங்கியவன் என்ற முத்திரை அல்ல. ஆனாலும் இந்தப் பிள்ளைகள் தங்களைவிடச் சின்னவர்களோடு நன்றாக ஒட்டிக்கொள்வதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன், அதில் குறைவு ஒன்றும் இல்லை. முறை காத்திருக்கவும் விட்டுக்கொடுக்கவும் பழகுவதற்கு அந்தப் பையன் போதும். இந்தச் சனிக்கிழமை மாலை அவன் அம்மாவிடம் நீங்களே மாடி ஏறிப் போய்க் கேளுங்கள். இரண்டு சைக்கிளுக்கும் காற்று அடித்து வையுங்கள்.